கோடைப் பயிற்சி கற்பிக்கும் பாடங்கள்

ஏட்டான் வரும் அறிவும் தொழிலான் வரும் அறிவும் என அறிவு இருவகைத்து. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்னும் பழமொழி முன்னையதனை இகழ்வதுபோலத் தோன்றினும் அதன் கருத்து அஃதன்று. சுரையின் இயல்பை ஏட்டிற் கற்றவன் தோட்டத்திற்குஞ் சென்று அதனைப் பயிரிட்டுப் பார்த்தல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை. கணினிக் கல்வி பயிலும் நம் மாணாக்கர்க்கு அத்தோட்டம் எங்கே உளது? கோடை விடுமுறையில் ஆறு வாரமோ இரு திங்களோ ஒரு தொழில் நிலையத்தில் இருந்து, அங்குள்ளாரோடு உடனுழைத்துக் கற்கும் பயிற்சியே அது. இதனை யாவரும் இன்டர்ன்ஷிப் என வழங்குகின்றனர். இப்பயிற்சி மாணாக்கர்க்கு எவற்றைக் கற்பிக்கின்றது, எவற்றைக் கற்பிக்கமாட்டாது என்பவற்றை ஒருவாறு ஆராய்வாம்.

பயிற்சியின் வரலாறு

கல்லூரிப் படிப்பையும் தொழிற்சாலைப் பயிற்சியையும் ஒன்றாகப் பிணைக்கும் முறை புதியதன்று. அமெரிக்க நாட்டில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 1906ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். வகுப்பிற் கேட்டதைத் தொழிற்சாலையிற் காணவும், தொழிற்சாலையிற் கண்டதன் காரணத்தை வகுப்பில் வினவவும் மாணாக்கர்க்கு இதனால் இடமுண்டாயிற்று. கனடா நாட்டு வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957ஆம் ஆண்டில் தோன்றியபொழுதே இம்முறையைத் தன் அடிப்படையாகக் கொண்டது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டில் அப்ரண்டிஸ் சட்டம் இயற்றப்பெற்றது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பொறியியற் பட்டமும் பட்டயமும் பெற்றோரும் அதன்கண் அடங்கினர். கணினித் துறையில், கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் "சம்மர் ஆப் கோட்" என்னும் கோடைத் திட்டத்தைத் தொடங்கி, யாவரும் எடுத்தாளுதற்குரிய பொதுமென்பொருள்களை ஆக்கும் குழுக்களோடு மாணாக்கரை இணைத்தது. ஒவ்வொரு மாணாக்கர்க்கும் வழிகாட்டி ஒருவர் அமர்த்தப்பெற்றார். தம் ஊரிலிருந்தவாறே பணியாற்றும் வாய்ப்பு இதனாற் கிட்டிற்று.

இவ்வாறு காலந்தோறும் வெவ்வேறு உருவில் வந்த முறைகள் அனைத்தும் ஒரு கருத்தையே பற்றியன. தேர்வுத் தாளில் வரும் வினாவிற்கு விடை முன்னரே உண்டு. தொழிலில் வரும் வினாவிற்கு விடையை நாமே தேடல் வேண்டும். இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியைக் கடக்கும் பாலமே கோடைப் பயிற்சியாம்.

முதற் பாடம்: பிறர் எழுதியதைப் படித்தல்

கல்லூரியில் நாம் எழுதும் புரோகிராம் பெரும்பாலும் நூறு வரிக்கு மேற்படுவதன்று. அது வெற்றுத் தாளில் தொடங்கும். மதிப்பெண் பெற்றவுடன் முடியும். தொழில் நிலையத்திலோ பல்லாயிரம் வரிகள் முன்னரே எழுதப்பட்டிருக்கும். அவற்றை எழுதினோர் சிலர் அவ்விடத்தை விட்டு நீங்கியும் இருப்பர். புதிதாகச் சென்ற மாணாக்கன் முதல் வாரத்தில் ஒரு வரியும் எழுதாது அவற்றைப் படித்துக்கொண்டே இருக்க நேரும். இது கண்டு "நமக்கு வேலை தரவில்லையே" எனச் சிலர் வருந்துவர். அது தவறு. படித்தலே அவ்வாரத்தின் வேலையாம்.

பழைய மாளிகையைப் புதுக்குவிக்கும் கொற்றன் எந்தச் சுவர் கூரையைத் தாங்குகின்றது என்பதை முதலில் அறிவான். அறியாது ஒரு செங்கலையும் பெயர்க்கான். அதுபோலவே இங்கும் ஒரு வரி ஏன் அவ்விடத்தில் உளது என்பதை அறிந்த பின்னரே அதனை மாற்றல் தகும். பயனற்றதென நமக்குத் தோன்றும் வரி, முன்னொருநாள் நேர்ந்த பிழையைத் தடுத்தற்கு இடப்பட்டதாக இருத்தல் கூடும். அதனை அறிதற்கு வழியும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் லினக்ஸ் பணியின்பொருட்டு 2005ஆம் ஆண்டில் ஆக்கிய "கிட்" என்னும் கருவி, எவ்வரியை யாவர் எந்நாள் மாற்றினர், மாற்றியதற்கு எழுதிய குறிப்பு யாது என்பவற்றைக் காத்து வைக்கின்றது. பிறர் எழுதிய குறிப்புத் தெளிவாக இருப்பின் நாம் வாழ்த்துகின்றோம். "திருத்தம்" என ஒரு சொல்லே இருப்பின் நோகின்றோம். இதனின்று, நாம் எழுதுவதும் நாம் காணாத ஒருவர் நாளை படித்தற்கே என்னும் உணர்வு பிறக்கின்றது.

இரண்டாம் பாடம்: சிறியதென ஒன்றையும் எண்ணாமை

தமிழ் மாணாக்கர்க்கு நன்கு விளங்கும் எடுத்துக்காட்டு ஒன்று கூறுவாம். "கல்லூரி" என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? க, ல், லூ, ரி என நான்கென்று சிறுவனுங் கூறுவான். கணினி அவ்வாறு கூறாது. உலக மொழிகட்கெல்லாம் எண் வகுத்த யூனிகோட் முறையில் மெய்யெழுத்தின் புள்ளியும், உயிர்மெய்யின் குறியும் தனித்தனி எண் பெறும். அம்முறையில் க, ல, புள்ளி, ல, ஊகாரக் குறி, ர, இகரக் குறி என அச்சொல்லுக்கு எண்கள் ஏழாம். யூடிஎப்-8 என்னும் முறையில் அவ்வெண்களைச் சேமிக்குங்கால் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடங்கொள்ளும். ஆகவே நான்கெழுத்துச் சொல் 21 பைட்டாக விரிகின்றது.

இனி, ஒரு படிவத்தில் பெயருக்கு 20 பைட்டு இடம் போதுமென ஆங்கிலத்தை மட்டும் எண்ணி ஒருவர் வகுத்துவிட்டார் என்று கொள்வோம். ஆங்கிலப் பெயர் இருபது எழுத்தளவும் அதன்கண் அமையும். "கல்லூரி" என்னும் சிறு சொல்லோ இறுதிக் குறி சிதைந்து நிற்கும். மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. "கோ" என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனி சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ முன்னையது இரண்டு எண், பின்னையது மூன்று எண். "கோமதி" என்னும் பெயர் ஒருவகையாற் பதிவாகி, மற்றொரு வகையால் தேடப்படின், "அப்பெயர் பட்டியலில் இல்லை" எனக் கணினி கூறிவிடும். ஒப்புநோக்குமுன் இருவகையையும் ஒருவகையாக்கும் நார்மலைசேஷன் என்னும் முறை இதற்கு மருந்தாம்.

பெயர் இல்லை என்னும் விடையைப் பெறுவோர் யாவர்? உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவியாக இருக்கலாம். மருத்துவமனை வாயிலில் நிற்கும் முதியவராக இருக்கலாம். தம் பெயர் இருந்தும் இல்லையென மறுக்கப்பட்ட அவர்க்கு ஓகாரக் குறியின் வரலாறு தெரியாது; தெரிந்திருத்தலும் அவர் கடனன்று. அது புரோகிராம் எழுதியவன் கடன். பாடநூலில் "கேரக்டர்" என ஒரு சொல்லாற் கடந்துபோகும் பொருள், பயன்படுத்துவார் ஒருவரை நினைத்துப் பணியாற்றும்பொழுதே இத்துணை விரிவுடையதென விளங்குகின்றது.

மூன்றாம் பாடம்: சோதித்தல்

நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு என மாணாக்கன் எழுதுகின்றான். 2024ஐ இட்டுப் பார்க்கின்றான், சரி. 2023ஐ இடுகின்றான், அதுவுஞ் சரி. வேலை முடிந்ததென மகிழ்கின்றான். மேற்பார்ப்பவரோ 1900ஐ இடச் சொல்வார், விடை தவறாகும். நூறால் வகுபட்டும் நானூறால் வகுபடாத ஆண்டு லீப் ஆண்டு அன்று. ஆதலின் 2000 லீப் ஆண்டு, 1900 அன்று, 2100உம் அன்று. நம் புரோகிராம் சரியென நிறுவும் எண்களைத் தேடுவது சோதனை அன்று. அது தவறாகும் இடத்தைத் தேடுவதே சோதனை.

இவ்வுண்மையை உலகிற்குப் பெரும் விலை பெற்றுக் கற்பித்த நிகழ்ச்சிகள் உள. 1996ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 4ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியான் 5 என்னும் ஏவுகலம் தன் முதற் செலவில், பறக்கத் தொடங்கிய 40 நொடி அளவில் சிதைந்தது. ஏரியான் 4இல் நன்கு உழைத்த மென்பொருட் பகுதி ஒன்று மாற்றமின்றி அதிலும் இடப்பெற்றிருந்தது. புதிய கலத்தின் விரைவு மிகுதியால் ஓர் எண் பெரிதாயிற்று. 64 பிட் அளவினதாகிய அவ்வெண்ணை 32,767க்கு மேற் கொள்ளாத 16 பிட் இடத்தில் அடைக்க முயன்றவழிக் கருவி செயலற்றது. 1999ஆம் ஆண்டில் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலமாகிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்தமைக்குக் காரணம், ஒரு பகுதியார் பவுண்டு அளவிலும் மற்றொரு பகுதியார் நியூட்டன் அளவிலும் விசையைக் கணக்கிட்டமையே. இவ்விரண்டையும் ஆக்கியோர் அறிவிற் குறைந்தாரல்லர். பழையது புதிய இடத்திற்குப் பொருந்துமா, பிறர் தரும் எண் எவ்வளவையினது என்னும் எளிய வினாக்களை எழுப்பாமையே குறை. அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கும் நம் பௌதிக ஆசிரியரை இனி நொந்துகொள்ளமாட்டோம் அன்றோ?

நான்காம் பாடம்: திருத்தம் ஏற்றல்

மாணாக்கன் எழுதியது நேரே பயனுக்குச் செல்லாது. உடன்பணியாளர் ஒருவரோ இருவரோ அதனை வரிவரியாகப் படித்துக் குறை கூறுவர். இம்முறைக்கு ஒழுங்கு வகுத்தவருள் ஐ.பி.எம். நிறுவனத்து மைக்கேல் பேகன் குறிப்பிடத்தக்கவர்; 1976ஆம் ஆண்டில் அவர் அதனை விளக்கி எழுதினார். முதன்முறை தன் எழுத்தின்கீழ்ப் பல குறிப்புகளைக் காணும் மாணாக்கன் உள்ளம் வாடுதல் இயல்பே. சிறிது பழகியபின், அங்கு மூத்தோர் எழுதியனவும் அவ்வாறே திருத்தப்படுதலைக் காண்பான். குறை கூறப்படுவது எழுத்தே, தானல்லன் என்பதை உணர்வான். அதற்குமேல், தானே பிறர் எழுதியதைப் படித்து, "இவ்விடத்தில் எண் சுழியாயின் யாதாகும்?" எனப் பணிவோடு வினவவுங் கற்பான். மறுப்பை வெகுளாது கேட்டலும் பிறர் நோகாது மறுத்தலும் எத்தொழிற்கும் வேண்டும் பண்புகளாம்.

ஐந்தாம் பாடம்: வினாவுதலும் காலங் கணித்தலும்

நம் மாணாக்கர்பால், சிறப்பாகச் சிற்றூர்களிலிருந்து வருவோர்பால், காணப்படும் ஓர் அச்சம் உண்டு. "கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என எண்ணுவரே" என்று அவர் வாய் திறவார். ஆங்கிலம் சரளமாக வாராமையும் அவ்வச்சத்தைப் பெருக்கும். ஆனால் மூன்று நாள் வாளா இருந்து நான்காம் நாள் "முடியவில்லை" என்பவனைவிட, முதல் நாள் மாலையே வினவுபவனே அங்கு மதிக்கப்படுவான். வினாவுதற்கும் ஒரு முறை உண்டு. யான் செய்ய விரும்பியது இது, செய்து பார்த்தது இது, எதிர்பார்த்தது இது, நிகழ்ந்தது இது என நான்கு வரியில் எழுதிக் கேட்பின், விடையிறுப்பார்க்கு எளிதாம். எழுதும்பொழுதே விடை நமக்குத் தோன்றிவிடுதலும் பலகால் நிகழும். அந்நான்கு வரிக்கு இலக்கண வழுவற்ற எளிய ஆங்கிலம் போதும், அலங்காரம் வேண்டா.

காலங் கணித்தலும் இங்கேதான் பழக்கமாகும். இரண்டு நாளில் முடிப்பேன் என்ற வேலை ஆறு நாளாதல் எல்லார்க்கும் நேர்வதே. பிரெடரிக் புரூக்ஸ் என்னும் அறிஞர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், காலந்தாழ்த்த மென்பொருட் பணிக்கு ஆள் சேர்த்தல் அதனை மேலுந் தாழ்த்தும் என்னும் உண்மையை விளக்கினார். புதியவர்க்குக் கற்பித்தலே பழையவர் காலத்தைக் கவரும் ஆதலின். பயிற்சி மாணாக்கன் அங்குப் புதியவனே. தனக்குக் கற்பித்தற்கு ஒருவர் தம் பொழுதைச் செலவிடுகின்றார் என்பதை அவன் மறத்தல் கூடாது. கேட்டவற்றைக் குறித்துக்கொண்டு, ஒன்றையே இருமுறை கேளாதிருத்தல் அவன் செலுத்தும் நன்றியாம்.

இயந்திரமே எழுதுங்கால் பயிற்சி எதற்கு?

இவ்விடத்தில் ஒரு தடை எழும். 2021, 2022ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கோபைலட், சாட்ஜிபிடி முதலியன, கேட்ட மாத்திரத்தில் புரோகிராம் எழுதித் தருகின்றனவே. இனி மாணாக்கன் கற்றற்கு யாதுளது என்பதே அத்தடை. மேற்கூறிய பாடங்களை நோக்குக. எழுதுதல் அவற்றுள் ஒரு கூறே. பிறர் எழுதியதைப் படித்தல், தவறும் இடம் தேடல், பயன்படுத்துவாரை நினைத்தல், ஐயத்தை முறையாக வினாதல் என்பன அனைத்தும் இயந்திரம் எழுதியதற்கும் வேண்டுவனவே. உண்மையில் மிகுதியாக வேண்டுவன. இயந்திரம் தந்த விடையும் ஒருவகையிற் பிறர் எழுதியதாம். அதனைப் படித்தறிய மாட்டாதவன் அதற்குப் பொறுப்பேற்றல் எங்ஙனம்? முதியவர் பெயர் பட்டியலில் விடுபடின், "இயந்திரம் அவ்வாறு எழுதிற்று" என்பது விடையாகாது.

பயிற்சி தராதன

பயிற்சியே போதும், வகுப்பு வேண்டா என்பாரும் உளர். அவர் கூற்றை நாம் உடன்படோம். ஒரு நிறுவனத்திற் பழகிய கருவி பத்தாண்டிற் பழையதாகும். கணக்கும், தரவு அமைப்பும், கணினியின் உள்ளியல்பும் அத்துணை விரைவில் மாறா. எட்டு வாரத்தில் எவ்வாறு செய்வது என்பதை அறியலாம். ஏன் அவ்வாறு செய்கின்றோம் என்பதை ஆராய்தற்கு அமைதியான பொழுது வேண்டும். அப்பொழுதைத் தருவது கல்லூரியே.

மற்றொன்றும் கூறாதிருத்தல் இயலாது. பயிற்சிக்குச் சான்றிதழ் வேண்டும் என்னும் விதி பரவியதால், பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் வழங்கும் இடங்களும் பெருகியுள்ளன. அங்குச் சென்ற மாணாக்கன் சில நாள் விரிவுரை கேட்டு, முன்னரே ஆயத்தமாக உள்ள ஒரு வேலையைப் படியெடுத்துத் திரும்புகின்றான். அவன் தந்தை விளைந்த நெல்லை விற்றுக் கட்டிய பணம் அது. சேருமுன் மாணாக்கர் மூன்று வினாக்களை வினவுக: எனக்கு வழிகாட்டி யாவர்? நான் செய்யும் வேலையை யாரேனும் பயன்படுத்துவரோ? நான் எழுதியதைப் படித்துத் திருத்துவார் உளரோ? இம்மூன்றற்கும் விடை இல்லாவிடின், அது பயிற்சி அன்று, வாணிகம். அவ்வாறே, ஊதியமின்றி ஊழியரது வேலையை மாணாக்கர் தலையிற் சுமத்தி, கற்பிப்பார் ஒருவருமின்றி விடுதலும் பயிற்சியாகாது.

வாய்ப்பில்லார்க்கு

எல்லார்க்கும் நல்ல நிலையத்தில் இடங் கிட்டுமோ எனின், கிட்டாது. சென்னையில் இரு திங்கள் தங்குதற்குரிய செலவே பலர்க்குத் தடையாம். ஆயினும் மேற்கூறிய பாடங்கள் கண்ணாடி மாளிகைக்குள் மட்டும் அடங்கியன அல்ல. பொதுமென்பொருட் குழுக்கள் தம் மூலத்தை யாவருங் காண வைத்துள்ளன. அவற்றின் விளக்கக் குறிப்பில் ஒரு பிழை திருத்துதலும் தொடக்கமே. விக்கிப்பீடியா முதலியவற்றிற்குரிய மென்பொருளும் அவ்வாறே திறந்துளது. நம் கல்லூரி நூலகத்தின் பட்டியலைத் தமிழில் தேடுமாறு அமைத்தலும் ஒரு கோடைக்குப் போதிய பணியாம். இருவர் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, நூலகரைப் பயன்படுத்தச் செய்து, அவர் கூறும் குறைகளைக் குறித்துத் திருத்துவாராயின், மேற்கூறிய பாடங்கள் ஐந்தனையும் ஊர்விட்டுப் போகாமலே கற்றாராவர். ஆசிரியர்களும் இத்தகைய முயற்சிக்கு மதிப்பெண்ணில் இடங் கொடுத்தல் நன்று.

முடிவுரை

தொகுத்துக் கூறுங்கால், கோடைப் பயிற்சி தருவது ஒரு கருவியின் பழக்கமோ ஒரு தாளோ அன்று. நாம் எழுதும் வரியைப் பிறர் படிப்பர், பிறர் திருத்துவர், பிறர் பயன்கொள்வர் என்னும் உணர்வே அதன் பேறு. வகுப்பில் நம் பிழைக்கு நாமே மதிப்பெண் இழக்கின்றோம்; தொழிலில் நம் பிழைக்கு நாம் அறியாத ஒருவர் வரிசையில் நின்று வருந்துகின்றார். இவ்வேறுபாட்டை உணர்ந்து ஜூன் திங்களில் வகுப்பிற்கு மீளும் மாணாக்கன், அதே பாடநூலைப் புதிய கண்கொண்டு படிப்பான். மாணவ நண்பர்காள், வருங் கோடையில் எவ்விடத்துச் செல்லினும், செல்லாது ஊரில் இருப்பினும், நும் கையாற் செய்த ஒரு சிறு வேலை பிறர் ஒருவர்க்குப் பிழையின்றிப் பயன்பட்டது என்று சொல்லத்தக்கவாறு அக்காலத்தைக் கழிப்பீராக.